கட்டுக்குழாயும் ஊசிக்குழாயும்

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்று ஹெட் சிஸ்டர் சொன்னார். இந்த மாதிரி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அடுத்த வாரம் நர்சுகளுக்குப் பாடம் எடுக்கும் வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் செய்த தப்பைச் சொல்ல நரை தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பாட்டில் மாட்டுவது, சொட்டு எண்ணுவது, கட்டு மாற்றுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் வந்துவிட்டது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். நான் சொல்லப் போவது ஒரே ஒரு நாளைப் பற்றி.

முதலில் என்னைப் பற்றி. கடம்பத்தூருக்கு இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நெல் போடுகிற குடும்பம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கர்வம் இல்லாதவள் மாதிரி எழுதினால் என்னோடு வேலை செய்த யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தத் தீவிர சிகிச்சை வார்டு திறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான்கே கட்டில். வயலில் பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பட்டறைகளில் அடிபட்டவர்கள், இப்படித்தான் வருவார்கள். என்னை ஆறு மாதச் சோதனையில் போட்டிருந்தார்கள். சரியாக வந்தால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பழையபடி பொது வார்டு. எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அந்த நேரத்தில்தான் பெரிய டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குத் தலைமை அவர்தான். வார்டில் போடும் நெஞ்சுக்குழாய்களை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கு எந்தக் குழாயை வாங்குவது என்று முடிவு செய்வார். எழுத்து நன்றாக இருக்கிறது என்று நோட்டை என் கையில் கொடுத்தார்கள்.

நெஞ்சுக்குழாய் என்று நாங்கள் சொன்னது உங்களுக்குத் தெரிந்ததுதான். கையில் நரம்பு என்று எல்லோரும் சொல்லும் ரத்தக்குழாய் வழியாக நுழைத்து, இதயத்துக்குச் சற்று மேலே பெரிய நாளம் வரை கொண்டுபோய் நிறுத்தும் நீளக் குழாய். காரமான மருந்து கையில் இறங்கினால் கை வெந்துபோகும். அங்கே இறங்கினால் ஒன்றும் ஆகாது.

எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று கட்டுக்குழாய். முழங்கை மடிப்பில் தோலைச் சின்னதாக வெட்டி, நரம்பை வெளியே எடுத்து, அதில் பாலிதீன் குழாயை நுழைத்து, பட்டுநூலால் நரம்போடு சேர்த்துக் கட்டுவது. அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு அந்த நரம்பு எதற்கும் உதவாது, ஒரு வாரத்தில் காயம் கசியவும் தொடங்கும். ஆனால் கட்டினால் கட்டினதுதான். ஆள் புரண்டாலும் திமிறினாலும் அசையாது.

இன்னொன்று ஊசிக்குழாய். தடித்த ஊசியை நரம்பில் குத்தி, ஊசிக்கு உள்ளேயே குழாயை விட்டு மேலே ஏற்றுவது. வெட்டு இல்லை, நூல் இல்லை, ஐந்து நிமிடம். பூச்சிமருந்து குடித்து மூச்சு நிற்கிற நிலையில் வருகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம்தான் உயிர். ஆனால் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதே குழாயைக் கழுத்தெலும்புக்குக் கீழேயும் போடலாம். நுரையீரலைக் குத்திவிடும் பயம் இருந்ததால் இரண்டு கையும் உதவாதவர்களுக்கு மட்டும்தான் போட்டார்கள்.

ஊசிக்குழாயோடு ஒரு ஆங்கிலக் காகிதம் வரும். அதை வார்டில் அகராதி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். அதில் தடித்த எழுத்தில் ஒரு விதி: ஊசி உள்ளே இருக்கும்போது குழாயை ஒருபோதும் பின்னால் இழுக்காதே. ஊசியின் முனை கத்தி மாதிரி, குழாயை வெட்டிவிடும். எடுக்க வேண்டுமானால் ஊசியையும் குழாயையும் சேர்த்தே எடு. மற்றப் பெண்களுக்கு இதைத் தமிழில் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொல்லியிருப்பேன்.

கட்டுக்குழாய் போடுகிறவர் சர்ஜன். ஆரணி ஆற்றங்கரைக்காரர், வெள்ளாமை வீட்டுப் பிள்ளை. அவர் பேச்சு வயல் வரப்புப் பேச்சு. ஊசிக்குழாய் போடுகிறவர் மயக்க மருந்து டாக்டர். திருவள்ளூர்க் கோயில் வீதிக்காரர், பரம்பரையாகப் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பம். சர்ஜன் அவரைச் சாமி என்பார், அவர் சர்ஜனை ஓய் என்பார். என் குழாய்தான் உசத்தி என்று இருவருக்கும் தினமும் வழக்கு. நோட்டு என்னிடம் இருந்ததால் என்னை இருவரும் அளவுக்கு மீறி மரியாதையாக நடத்தினார்கள்.

அப்போது ஏழுமலை என்று ஒருவர் இருந்தார். பழைய இரும்பு உருக்கும் பட்டறையில் வேலை. பாதத்தில் தகரம் குத்தி, கவனிக்காமல் விட்டு, வில்வாத ஜன்னி வந்துவிட்டது. நீங்கள் டெட்டனஸ் என்று படித்திருப்பீர்கள். சின்னச் சத்தம், சின்ன வெளிச்சம் போதும், உடம்பு முழுவதும் இழுத்துக்கொள்ளும். அதனால் அறையின் ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி கட்டியிருந்தோம். உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், உதட்டசைவில்தான் பேச வேண்டும். அவருடைய மனைவி முனியம்மா வராந்தாவில் வளையல்களைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து பார்க்கும்போது வளையல் சத்தம் போடக்கூடாதே என்று.

ஏழுமலையின் வலது கையில் சர்ஜன் கட்டுக்குழாய் போட்டிருந்தார். நான்தான் கூட நின்றேன். பட்டுநூலால் முடிச்சுப் போட்டதும் அவர் வழக்கம்போல "இஸ்து பாரு" என்றார். முடிச்சு நிற்கிறதா என்று குழாயை லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். நான் இழுத்துப் பார்த்தேன், நின்றது. எத்தனையோ கட்டுக்குழாய்களில் அவர் அப்படிச் சொல்லி நான் அப்படிச் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டைக் கட்டிவிட்டும் அதைத்தான் சொல்வார்கள், அதைத்தான் செய்வார்கள்.

ஐந்தாறு நாளில் அந்தக் காயம் சிவந்து காய்ச்சல் வந்தது. இடது கையில் ஊசிக்குழாய் போட்டுவிட்டு, வலது கைக் குழாயை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். மயக்க மருந்து டாக்டரோடு அதற்கு முன் நான் நின்றதில்லை. அன்று காலை பத்து மணிக்கு முதல் முறையாக நின்றேன்.

அவர் கை அழகான கை. ஊசி ஒரே குத்தில் நரம்பில் நின்றது. குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. குழாயின் வெளி முனையில் சிரிஞ்சைப் பொருத்தி என் கையில் கொடுத்தார். பிறகு ஊசியை மூடும் பிளாஸ்டிக் உறையை எடுக்கத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டே, காற்றில் பேசுகிற குரலில், "சித்த இழுத்துப் பாருங்கோ" என்றார்.

சிரிஞ்சின் தண்டை இழுத்து ரத்தம் வருகிறதா பார் என்கிறார். அவர் படித்த இடத்தில் அதற்கு அதுதான் பேச்சு.

நான் குழாயை இழுத்தேன்.

எவ்வளவு என்று கேட்டால் இரண்டு விரற்கடை. முதலில் ஏதோ பிடிப்பது போல் இருந்தது. பிறகு ரொம்ப லேசாக வந்துவிட்டது. அந்த லேசுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. மனப்பாடமாக இருந்த விதி முழுவதும் அந்த நொடியில் வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது. என் கையில் சாணை பிடித்த மாதிரிச் சாய்வாக வெட்டுப்பட்ட ஒரு துண்டு. மீதிக் குழாய், ஒரு முழத்துக்கு மேல், ஏழுமலையின் நரம்புக்குள். அதைப் பிடித்திருக்க இனி வெளியே ஒன்றும் இல்லை. ரத்த ஓட்டத்தோடு நகர்ந்தால் நேராக இதயம்.

நான் செய்தது என்ன என்றால், சிரிஞ்சைப் போட்டுவிட்டு அவருடைய மேல்கையின் உட்புறத்தை இரண்டு கட்டை விரலாலும் எலும்போடு வைத்து அழுத்தினேன். குழாய் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். பயத்தில் கை அங்கே போனது. போனபிறகுதான் இது சரி, இனி விடக்கூடாது என்று புரிந்தது.

டாக்டர் திரும்பினார். கீழே கிடந்த துண்டையும் என் கையையும் பார்த்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. ஆனால் சத்தம் போட முடியாது. கத்தினால் ஏழுமலைக்கு இழுப்பு வரும், கை மடங்கும், குழாய் நகரும். அவர் மெதுவாக ஊசியை எடுத்தார். என் விரலுக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினார். ஏழுமலையின் தசைகள் விறைக்கும்போது அந்தப் பட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது. என் காதருகே குனிந்து, "விட்டுடாதீங்கோ. சர்ஜனை அழைச்சுண்டு வரேன்" என்றார். ஓடவில்லை. வெறுங்காலோடு, நடக்கிற மாதிரி நடந்து போனார். சர்ஜன் தியேட்டரில் ஒருவருடைய வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். தைத்து முடிக்காமல் வர முடியாது.

மயக்க மருந்து டாக்டர் போனபோது அவர் முகத்தைப் பார்த்து முனியம்மா உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா சிஸ்டர், எதுக்கு அவரு கைய இப்டி புட்ச்சிக்கினு கீற?" என்று உதட்டை அசைத்துக் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லி வெளியே அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் பொது வார்டில் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். ஆனால் அவர் கண் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. குழாய் உள்ள துண்டாயிடுச்சு. கைய விட்டா அது நெஞ்சுக்குப் போயிடும்" என்றேன்.

அவர் என்னை அடித்திருந்தாலும் நான் அசைந்திருக்க மாட்டேன்.

"அப்ப உடாத" என்றார்.

அவ்வளவுதான். என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, கணவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக் கை மடங்காமல் வைத்துக்கொண்டார். ஒருமுறை இழுப்பு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கையை ஒரு கட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தோம். வலது கைக் குழாயில் மருந்து சொட்டிக்கொண்டே இருந்ததால் அது சீக்கிரம் அடங்கியது. அந்தப் பழைய கட்டுக்குழாயை முதலிலேயே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். புதியது நிலைத்து நிற்கும் வரை பழையதை எடுக்காதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் என் விரல்கள் மரத்துவிட்டன. அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முனியம்மா வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. நெத்தி பூரா வேர்வ" என்று புடவைத் தலைப்பால் என் நெற்றியைத் துடைத்தார். என் தப்பால் அவருடைய புருஷன் அப்படிக் கிடக்கிறார். அவர் எனக்கு வேர்வை துடைக்கிறார். அந்த வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் தலைப்பின் ஈரம் எனக்கு நினைவு வரும்.

சர்ஜன் வந்தபோது அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். முழங்கைக்கு மேலே மரப்பு ஊசி போட்டு, சின்னதாக வெட்டி, நரம்பைத் திறந்தார். வெள்ளையாக வால் மாதிரி ஒரு முனை. கிடுக்கியால் அதைக் கவ்விக்கொண்டு, "இப்ப உடு" என்றார். என்னால் விட முடியவில்லை. விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் என் கட்டை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். குழாய் முழுசாக வெளியே வந்தது. வெட்டுப்பட்ட துண்டோடு சேர்த்து வைத்து, புதுக்குழாய் ஒன்றின் பக்கத்தில் அளந்து பார்த்தார்கள். ஒரு நெல்லளவுகூடக் குறையவில்லை. திறந்த நரம்பை வீணாக்காமல் சர்ஜன் அதிலேயே ஒரு கட்டுக்குழாயைப் போட்டுக் கட்டினார். இந்த முறை முடிச்சை அவரே சோதித்துக்கொண்டார்.

ஏழுமலை பிழைத்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு இல்லை என்று முனியம்மாவைத் திட்டினார். முனியம்மா வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு, சத்தம் வர வர அவரைத் திருப்பித் திட்டினார். வார்டே கேட்டு மகிழ்ந்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது குழாய் வெட்டுப்பட்ட அன்று மதியத்தைப் பற்றி. நோட்டில் அன்றைய குழாயைப் பற்றி எழுத வேண்டும்.

ஹெட் சிஸ்டர் என் மேல் பிரியமுள்ளவர். அவருக்கு என்னை இழக்க மனமில்லை. குழாய் பழுது, உள்ளே துண்டாகிவிட்டது என்று ஒரு வரி எழுதிவிடு என்றார். இறக்குமதிச் சாமான், யார் கேட்கப் போகிறார்கள். சோதனைக் காலம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அந்த நேரத்தில் என் பெயரில் இப்படி ஒன்று எழுதினால் நான் பொது வார்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேனாவை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய நேர்மை ஒன்றும் அப்போது எனக்குள் பொங்கவில்லை. பொது வார்டை நினைத்து அழுகைதான் வந்தது. ஆனால் நோட்டைப் பின்னால் புரட்டினேன். போன மாதம் பூச்சிமருந்து குடித்து நாடி இல்லாமல் வந்த ஒரு பெண்ணுக்கு ஊசிக்குழாய் ஐந்து நிமிடத்தில் போட்டதை நான்தான் எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு வெட்டிக் கட்டுகிற அரை மணி நேரம் இருந்திருக்காது. குழாய் பழுது என்று நான் ஒரு வரி எழுதினால் அடுத்த வருடம் ஊசிக்குழாய் வராது. இனி வரப்போகிற ஒரு பெண் என் வரியால் போய்ச் சேருவாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது, என்னையும் அவளுக்குத் தெரியாது. அதுதான் என்னை மேலும் பயமுறுத்தியது.

எழுதினேன். "குழாயில் பழுதில்லை. இழுத்துப் பார்க்கச் சொன்னதற்குச் சிரிஞ்சை இழுக்காமல் குழாயை இழுத்தது நான். விதி எனக்கு முன்பே தெரியும்." கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை மேசையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு குழாயில் எது நல்லது என்று நீங்களும் கேட்பீர்கள். எந்த ஆளுக்கு, எந்த அவசரத்தில் என்று கேட்டால்தான் அதற்குப் பதில் உண்டு. ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிற வார்டில், ஒன்றில் சரியான கைப்பழக்கம் இன்னொன்றில் கொலையாக முடியலாம். அது எந்தக் காகிதத்திலும் அச்சாகி வராது. காதில் விழுந்ததற்கும் கை அசைவதற்கும் நடுவில், "எதை, டாக்டர்?" என்று கேளுங்கள். அதைக் கேட்க எனக்கு அன்று வெட்கம். எல்லாம் தெரிந்தவள் அல்லவா நான்.

முகம் கழுவி வந்தபோது நோட்டைச் சுற்றி இரண்டு டாக்டர்களும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மயக்க மருந்து டாக்டர் நகர்ந்துகொண்டார். என் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரிகள் கூடியிருந்தன. முதலாவது அவருடைய சின்னச் சின்ன எழுத்தில்: "எதை என்று சொல்லாமல் இழுக்கச் சொன்னது நான்." அதற்கும் கீழே சர்ஜனுடைய கோணல் எழுத்தில்: "இழுத்துப் பழக்கினது நான்."

அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"இன்னாம்மா பாக்கிற. சாமி போட்டாரு, நான் போடலன்னா நல்லா கீமா?" என்றார் சர்ஜன். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரே வார்டுல நோயாளிக்கி ஒரு இஸ்ப்பு, அவருக்கு ஒரு இஸ்ப்பு, எனக்கு ஒரு இஸ்ப்பு. இந்தப் பொண்ணு இன்னாதான் பண்ணும்" என்றார்.

நோட்டு மறுநாள் பெரிய டாக்டரம்மாவிடம் போனது. இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் என் பெட்டியைப் பாதி அடுக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அதை ஹெட் சிஸ்டர் கொண்டுவந்து திறந்த பக்கத்தோடு என் முன்னால் வைத்தார். மூன்று கையெழுத்துகளுக்கும் அடியில் டாக்டரம்மா எழுதியிருந்தார்: "இரண்டு குழாயும் வாங்கப்படும். மூன்று பேரும் வார்டில் தொடரலாம். 'இழு' என்ற சொல்லை மட்டும் இன்றே டிஸ்சார்ஜ் செய்யவும்."

அன்று மதியம் பாம்பு கடித்த ஒருவருக்குக் கட்டுக்குழாய் போட வேண்டியிருந்தது. நான்தான் கூட நின்றேன். சர்ஜன் பட்டுநூலை முடிந்து, நுனியைக் கத்தரித்து, "இஸ்..." என்று வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"முடிச்சு கெட்டியா கீதா, பாரும்மா" என்றார்.

"எந்த முடிச்சு, டாக்டர்?" என்று கேட்டேன்.

ஒரே ஒரு முடிச்சுதான் இருந்தது. ஆனாலும் அவர் விரலை நீட்டி, அதைத் தொட்டுக் காட்டினார்.